ஆள் எடுக்குமுன் அறிய வேண்டியவை

(கிண்ணியாவில் வர்த்தகர்களும் ஆலை உரிமையாளர்களும் ஒப்பந்தகாரர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



கடைக்கும் ஆலைக்கும் படகுக்கும் புதிதாக ஆள் எடுக்கும்போது சட்டம் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடன் சிலர் முகத்தில் தோன்றிய குறிப்பை நான் கவனித்தேன். "இதெல்லாம் கொழும்புக் கம்பனிகளுக்கு உரியவை; நமக்கு எதற்கு?" என்பதுதான் அந்தக் குறிப்பு. அதற்கு மறுமொழி கூறுவதற்காகவே வந்திருக்கிறேன்.

நம் ஊரில் ஆள் எடுக்கும் முறை யாது? ஒரு தகப்பன் தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். "ஹாஜியார், இவனை உங்கள் பொறுப்பில் விடுகிறேன், நீங்கள் பார்த்துக் கொடுப்பதைக் கொடுங்கள்" என்கிறான். முதலாளி பையனை ஏற இறங்கப் பார்க்கிறார். "நாளைக்குச் சுபஹுக்குப் பின் கடைக்கு வா" என்கிறார். அவ்வளவுதான்! வயது கேட்கப்படுவதில்லை; சம்பளம் எழுதப்படுவதில்லை; எட்டு மணி நேரமா, பன்னிரண்டு மணி நேரமா என்ற பேச்சே எழுவதில்லை. இந்த நம்பிக்கையை நான் இகழ வரவில்லை. பாலம் இல்லாத நாளில், துறையைக் கடந்து அடுத்த கரை போவதற்கே அரைநாள் கழிந்த காலத்தில், இந்த ஊரின் வாணிபம் முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. ஆனால் நம்பிக்கை இருக்கும்வரையில் கடிதம் தேவையில்லை என்பது உண்மையானால், நம்பிக்கை முறிந்த அன்று கடிதம் இல்லாதவன் நிலை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? அன்று முதலாளியும் வெறுங்கையோடு நிற்கிறார். தொழிலாளியும் வெறுங்கையோடு நிற்கிறான்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் பணிப்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வியர்வை உலருமுன் கூலி சேர வேண்டும் என்ற நபிமொழியும் இந்த மண்டபத்தில் எல்லோரும் அறிந்ததே. வள்ளுவரோ, ஒருவனை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்த பின் அவனிடம் வேலையை ஒப்படைப்பதற்கு அடுத்த அதிகாரமும் வகுத்து வைத்தார். ஆகவே நான் சொல்லப்போகும் விஷயம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கியதன்று.

முதலில் வயதைப் பற்றிச் சொல்லுகிறேன். ஏனெனில் தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர் ஆகியோரைத் தொழிலில் ஈடுபடுத்துவது பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் நெடுங்காலமாக 14 வயதையே எல்லையாக வைத்திருந்தது. அந்த எல்லை 2021ஆம் ஆண்டின் திருத்தத்தால் 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியின் வயது முன்னரே 16 ஆகிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை கடையில் நிற்பதற்குச் சட்டத்தில் இடமிருந்த முரண்பாடு அப்போதுதான் நீங்கிற்று. அத்துடன் நின்றுவிடவில்லை. அபாயகரமானவை என்று ஒழுங்குவிதிகள் பட்டியலிட்ட வேலைகளில் 18 வயது நிரம்பாத எவரையும் ஈடுபடுத்தலாகாது. ஆலை இயந்திரத்தின் அருகிலோ ஆழ்கடற் படகிலோ ஒரு பையனை நிறுத்துமுன் அந்தப் பட்டியலைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிடுங்கள். 

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. "அடையாள அட்டை இருக்கிறது, ஆகவே அவன் பெரியவன்" என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 15 வயது நிரம்பியவர்களுக்கே தேசிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. எனவே கையில் அட்டையுள்ள பையனை வேலைக்கு எடுப்பதே குற்றமாகிவிடக்கூடிய ஓராண்டு இடைவெளி உண்டு! அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அட்டையைப் படிக்க வேண்டும்.

படிப்பது கடினமா? இல்லை. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்த மூன்றிலக்க எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 2010061 என்று தொடங்கும் அட்டை 2010 மார்ச் முதலாம் நாள் பிறந்த ஆணுக்குரியது. 2010561 என்று தொடங்கினால் அதே நாளில் பிறந்த பெண்ணுக்குரியது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். அங்கே முதல் இரண்டு இலக்கங்களே ஆண்டைக் குறிக்கும். அட்டையின் எண்ணையும் பிறப்புச் சான்றிதழின் தேதியையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் நிறுத்துங்கள். இதற்குச் செல்லும் நேரம் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்.

அந்த அற்ப நேரத்தை ஒருவர் செலவிடாததால், அல்லது செலவிட்டும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டதால், என்ன நேர்ந்தது என்பதை நமது மாவட்டம் அறியும். உலகமும் அறியும். மூதூரின் ரிசானா நபீக்கைச் சொல்லுகிறேன்.

கொட்டியாரக் குடாவின் அந்தக் கரையில், வறுமை வாட்டிய குடும்பத்தில் பிறந்த பெண். பிறப்புச் சான்றிதழின்படி அவள் பிறந்தது 1988 பெப்ரவரி 4ஆம் நாள். ஆனால் அவளை வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பிய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. ஆறு ஆண்டுகள்! பதினேழு வயதுச் சிறுமி காகிதத்தில் இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக்கப்பட்டாள். 2005 மே மாதத் தொடக்கத்தில் அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். அம்மாதம் முடியுமுன்னரே, அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. குழந்தைகளைப் பராமரிக்கும் பயிற்சி அவளுக்கு இருந்ததா? இல்லை. புட்டிப்பால் கொடுத்தபோது குழந்தைக்கு மூச்சடைத்தது என்றாள் அவள். கொலை என்றது வழக்கு. அவளுடைய முதல் வாக்குமூலம் தகுந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்றியே பெறப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் முறையிட்டன. அந்த வாக்குமூலத்தை அவள் பின்னர் மறுத்தாள். 2007 ஜூன் மாதத்தில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேன்முறையீடுகளும் வேண்டுகோள்களும் பயன் தரவில்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பதினெட்டு வயதுக்கு முன் செய்ததாகக் கூறப்படும் குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்பது சிறுவர் உரிமைச் சமவாயத்தின் விதி. அச்சமவாயத்தில் சவூதி அரேபியாவும் சேர்ந்திருந்தது. அப்படியாயின் அவளைக் காத்திருக்கக்கூடிய வாதம் அவளுடைய உண்மையான வயதே அல்லவா? அந்த வாதத்தைத்தான் பொய்க் கடவுச்சீட்டு அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டது. பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்ல, கடவுச்சீட்டு வேறொன்று சொல்ல, அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் அந்தப் பேதைப்பெண் எதைக் காட்டி நிற்பாள்? அவளுடைய பயணப் பத்திரங்களில் பொய் புகுத்திய ஆள்சேர்ப்போர் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டாண்டு! அதற்குமேல் அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

சிலர் இதைக் கேட்டு, "அது வெளிநாட்டு முகவர் செய்த வேலை, கடை வைத்திருப்பவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" எனலாம். தொடர்பு உண்டு. ஆள் தேடித் தருபவன் காட்டும் காகிதத்தை மட்டும் நம்பி, ஆளைக் காணாமலும் மூலப் பத்திரத்தைக் காணாமலும் வேலை கொடுக்கிற வழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே. துறைமுகத்துக்கும் கட்டட வேலைக்கும் இருபது பேர், முப்பது பேர் என்று ஆள் அனுப்பும் ஒப்பந்தகாரர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டும் தரகன் கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் எத்தனை பேருடைய பிறப்புச் சான்றிதழை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதைப் பொறுத்தவரையில் சட்டம் மிகத் தெளிவானது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர் மட்டுமே அத்தொழிலை நடத்தலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு வந்து, "முற்பணம் தருகிறோம், கடவுச்சீட்டு வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று இனிக்கப் பேசும் மனிதரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த அனுமதிப்பத்திரத்தையே. ரிசானாவின் மரணத்துக்குப் பின், 2013இல், சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் செல்வோரின் குறைந்த வயது 25 ஆக்கப்பட்டது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அது 21 ஆகக் குறைக்கப்பட்டது. டொலர் தட்டுப்பட்டவுடன் நான்கு வயது குறைந்துபோகிறது! எண் ஏறினாலும் இறங்கினாலும், பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும் கடமை மட்டும் குறையவில்லை.

வயதுக்கு அடுத்தபடி, தகுதியும் ஒழுக்கமும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் அதன் மேல் பிரதேச செயலாளரின் ஒப்பமும் கேட்பது வழக்கம். காசுப்பெட்டியருகே இருக்கப்போகிறவனுக்கும் காவற்காரனுக்கும் பொலிஸ் அறிக்கை கேட்பவர்கள் உண்டு. கேளுங்கள்; ஆனால் அவனிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பரீட்சைச் சான்றிதழில் ஐயம் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் வழியாகச் சரிபார்க்கலாம். முன்பு வேலை செய்த இடத்தின் சேவைச் சான்றிதழைப் பெற்று, அந்த முதலாளியோடு ஒரு வார்த்தை பேசினால் பத்துக் காகிதம் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். சாரதியாயின் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கி, எந்த வகை வாகனத்துக்கு அது செல்லும், எந்த நாளில் முடிகிறது என்று பாருங்கள்.

இதைச் சொல்லும்போது குறிஞ்சாக்கேணி நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலையில் மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நீரில் மூழ்கினர். அந்த வழக்கைப் பற்றித் தீர்ப்புக் கூற நான் நீதிபதியல்லேன். உயிர்களைச் சுமந்து செல்லும் எந்தக் கலத்திலும் வண்டியிலும் யாரை அமர்த்துகிறோம், அவனுக்கு அந்த வேலை தெரியுமா, எத்தனை பேரை ஏற்றலாம் என்று அவனுக்கு யார் சொன்னார் என்ற கேள்விகளை அமர்த்தும் நாளிலேயே கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் நம்மிடையே ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. மூலச் சான்றிதழ்களை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வது! "அவன் ஓடிப்போகாமல் இருப்பதற்கு" என்கிறார்கள். ஐயா, ஆளைப் பிடித்து வைப்பதற்குக் காகிதத்தைப் பிணைவைப்பது அடிமை முறையின் வாசனை வீசுகிற காரியம். நம் பெண்களின் கடவுச்சீட்டை வளைகுடா நாட்டு எஜமானர்கள் பறித்து வைக்கிறார்கள் என்று நாம் குமுறுகிறோம். குமுறிவிட்டு வந்து நம் கடைப் பையனின் சாதாரணதரச் சான்றிதழைப் பூட்டி வைக்கலாமா? மூலத்தைப் பாருங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அந்தப் பிரதியையும் பத்திரமாக வையுங்கள். வேலை கேட்டு வந்த பெண்பிள்ளையின் அடையாள அட்டையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, அது நாலு பேர் தொலைபேசிக்குப் போய்ச் சேருவதை நான் கண்டிருக்கிறேன். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கு 2022ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2025இல் பின்போடப்பட்டது உண்மையே. ஆனால் ஒரு குமரியின் முகவரியும் படமும் ஊர் சுற்றுவதைத் தடுப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இனி, எழுத்து. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஆளை அமர்த்தும் நாளிலேயே அவனுடைய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்குமாறு முதலாளியைப் பணிக்கிறது. பதவியின் பெயர், சம்பளம், அது கொடுக்கப்படும் காலம், வேலை நேரம், விடுமுறை, தகுதிகாண் காலம் உண்டாயின் அதன் அளவு, வேலையை விட்டு நிறுத்துவதற்கு வேண்டிய அறிவித்தல் — இவையெல்லாம் அதில் வர வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என்பது அந்தச் சட்டத்தின் எல்லை. அதற்கு மேற்பட்டது மேலதிக நேரம், அதற்கு மேலதிகக் கூலி. ஆலையாயின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அந்தந்தத் தொழிலுக்கு உரிய சபையின் தீர்மானம் பொருந்தும்.

எழுதிக் கொடுத்தால் தொழிலாளி வழக்குக்குப் போவான் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. ஒருவன் வேலையை விட்டுப் போகிறான். "நானே போகவில்லை, என்னை விரட்டினார்" என்று ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கிறான். அந்தச் சபை நியாயமும் ஒப்புரவும் எது என்று பார்த்துக் கட்டளையிடும் அதிகாரம் உடையது. "தகுதிகாண் காலத்தில் இருந்தவன், வேலை திருப்தியில்லை, ஆகவே நிறுத்தினேன்" என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். தகுதிகாண் காலம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பார்கள். எதைக் காட்டுவீர்கள்? நியமனக் கடிதம் தொழிலாளிக்குக் கவசம் என்றால், நேர்மையான முதலாளிக்கு அது இரட்டைக் கவசம். பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமாயின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் குறுக்கே நிற்கும். ஒழுக்கக் குற்றம் அல்லாத வேறு காரணத்தால் ஆளை நிறுத்துவதற்கு அவனுடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும்.

பணத்தைப் பற்றிய கணக்குக்கு வருகிறேன். வணிகர்கள் கூடிய இடத்தில் கணக்கில்லாமல் பேசலாகாது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதத்துக்கு 10,000 ரூபாவாக வைத்தது. அது படிப்படியாக ஏறி, 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆயிற்று. அந்த 30,000 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8. அதாவது 2,400 ரூபா. அது அவன் சம்பளத்திலிருந்து கழியும். உங்கள் பங்கு நூற்றுக்கு 12. அதாவது 3,600 ரூபா. அது உங்கள் பையிலிருந்து போக வேண்டும். அவன் சம்பளத்தில் கைவைக்கலாகாது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3; அதாவது 900 ரூபா. இதுவும் உங்களுடையதே. ஆகத் தொழிலாளியின் கைக்கு 27,600. உங்களுக்கு ஆகும் செலவு 34,500. ஆள் எடுக்குமுன் இந்த 34,500ஐ மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் பின்னர் மனக்கசப்பு இல்லை. 30,000 என்று எண்ணி எடுத்துவிட்டு, எஞ்சிய 4,500ஐ எப்படி மறைக்கலாம் என்று வழி தேடும்போதுதான் மனிதன் சட்டத்தை மீறுகிறான்.

"முதல் ஆறு மாதம் சேமலாப நிதி இல்லை, நிரந்தரமான பிறகுதான்" என்று ஒரு கட்டுக்கதை கிழக்கு மாகாணம் முழுவதும் உலவுகிறது. அதைச் சட்டம் அறியாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் தகுதிகாண் காலத்தவனுக்கோ தற்காலிக ஊழியனுக்கோ விலக்கு இல்லை. வேலைக்கு வந்த முதல் நாளே கணக்குத் தொடங்கிவிடுகிறது. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் நூற்றுக்கு 5இல் தொடங்கி, ஓராண்டைக் கடந்தால் 50 வரை ஏறும். இந்தப் பணம் யாருடையது? கிழவனாகிப் போனபின் அவன் மூட்டுவலிக்கு மருந்து வாங்க இருக்கும் பணம். அதை இன்றைய கடைச் சரக்குக்குத் திருப்பிக்கொள்வது, அவனைக் கேளாமல் அவனிடம் கடன் வாங்குவதல்லவா?

நியமனக் கடிதத்தின் அருமையை உணர்த்தும் ஒரு வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். நாட்டின் மிகப் பெரிய முதலாளி யார்? அரசாங்கம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஏற்கனவே வேலையில் இருந்த தமிழ் எழுதுவினைஞர்கள் சிங்களத் தேர்ச்சி பெறாவிட்டால் ஆண்டுச் சம்பள உயர்வு இல்லை என்று 1961இல் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அவர்கள் வேலைக்கு எடுக்கப்பட்ட நாளில் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததா? இல்லை. உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் பணிந்து போகவில்லை, வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லி அதைக் கவிழ்த்தது. 1969இல் கோமறை மன்று அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்குப் போடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியோ விடை காணாமலே நின்றது. 1972 அரசியலமைப்பு அந்தக் கேள்விக்கு அடிப்படையாயிருந்த 29ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. அரசாங்கம் செய்த அநீதியை மேடைதோறும் கண்டித்தவர்கள் நாம். நம் கடையில், ஆளை எடுத்து ஆறு மாதம் கழித்து, "இனிமேல் வெள்ளிக்கிழமையும் வர வேண்டும், பழைய சம்பளந்தான்" என்று வாயால் ஒரு சுற்றறிக்கை விடும்போது நாமும் சிறிய திறைசேரி ஆகிவிடுகிறோம் என்பதை மறக்கலாகாது.

இன்னொன்று. யாரை எடுப்பது, யாரை விலக்குவது? இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்ற காரணங்களால் பாரபட்சம் காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்லுகிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகவே செல்லும். தனியார் கடைக்காரனுக்கு எதிராக அதைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போக இயலாது. இது சட்டத்தில் உள்ள ஓட்டை. அடைக்கப்பட வேண்டிய ஓட்டை என்பது என் துணிபு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் வாழும் திருகோணமலை மாவட்டத்தில், "இன்னாரை எடுக்காதே" என்று ஒருவன் தொடங்கினால் மற்ற இருவரும் அதையே திருப்பிச் செய்வர். பாலத்தின் அந்தப் பக்கத்தில் நம் பிள்ளைகளும் வேலை கேட்டு நிற்கிறார்கள் அல்லவா? ஆயினும் சட்டம் எல்லா இடத்திலும் வாய்மூடி இருக்கவில்லை. அங்கவீனரை அந்தக் காரணத்தால் ஆட்சேர்ப்பில் விலக்கலாகாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. கர்ப்பமுற்றாள் என்பதற்காகப் பெண் ஊழியரை நீக்குவதும் குற்றம். போரும் கடற்கோளும் கண்ட இந்தக் கரையில், கால் இழந்தவன் கணக்குப் புத்தகம் எழுத மாட்டானா? கேட்டுப் பாருங்கள், எழுதுவான்.

கடைசியாகச் செய்முறை. ஆளுக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, நியமனக் கடிதத்தில் அவன் ஒப்பமிட்ட பிரதி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் — இந்த நான்கும் அதில் இருந்தால் தொழில் உத்தியோகத்தர் வாசலில் வந்து நிற்கும்போது பின்கதவு தேட வேண்டியதில்லை. கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். அவனுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், அவன் நம்பும் ஒருவரை வைத்து வாசித்துக் காட்டிய பின்னரே ஒப்பம் வாங்குங்கள். தொழில் திணைக்களத்துக்கு எழுதுவதையும் தமிழில் எழுதுங்கள். மறுமொழியைத் தமிழில் பெறும் உரிமை அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களத்தில் படிவம் வந்தது, புரியவில்லை, ஆகவே கட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். திருப்பி அனுப்பி, தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

நியமனக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கேள்விகள் இருப்பின் இப்போதே கேளுங்கள். இஷாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.